இரண்டாம் நம்பர் குப்பி

அன்று காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். என் வீட்டுக்காரர், பெரிய லாரியின் டிரைவர், சின்ன லாரியின் டிரைவர், தக்காளிக் கூடை ஏற்ற வந்த சுமட்டுக்காரர் இரண்டு பேர், உள்ளறையில் மாமியார், சமையற்கட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான். வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு கொழிஞ்சாம்பாறையில் பத்திருபது பேர், 'நானும் அங்கதான் இருந்தேன், என்ற கண்ணால பாத்தேன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. முகர்ந்து பார்க்க வேண்டிய விஷயம் அது. முகர்ந்தவள் நான்.

எங்களுக்கு அப்போது இரண்டு லாரி. பெரியது கோயமுத்தூருக்கும் சின்னது பொள்ளாச்சிக்கும் ஓடும். போகிற பாரம் காய்கறி, தேங்காய், சில நாள் வைக்கோல். எழுபதுகளின் நடுவில் தமிழ்நாட்டில் மறுபடியும் மதுவிலக்கு வந்தது. அந்தப் பக்கம் கடைகளை மூடினார்கள். கேரளத்தில், எங்கள் பக்கம், எப்போதும்போலத் திறந்தே இருந்தது. எங்கள் ஊரைச் சுற்றிப் பனையும் தென்னையும் கள்ளுக்கே வளர்ந்தவை. டிரைவர்களுக்கு இங்கே குடிப்பது குற்றமில்லை. குடித்த வாயோடு மூன்று மைல் தள்ளி எல்லையில் ஒரு கம்பைத் தாண்டினால் குற்றம். செக்போஸ்டில் கதவைத் திறந்து "ஊது" என்பார்கள். வாசம் வந்தால் ஆஸ்பத்திரி, டாக்டர் சர்ட்டிபிகேட், அப்புறம் கோர்ட்டு. வண்டி பாரத்தோடு அங்கேயே நிற்கும்.

எங்களுக்கும் ஒருமுறை அப்படி நின்றது. அப்போது சின்ன லாரிக்கு வேறொரு டிரைவர். நன்றாகக் குடித்துவிட்டு, தேங்காய்ப் பாரத்தோடு போய் மாட்டிக்கொண்டார். பதினாறு நாள் வண்டி போலீஸ் ஸ்டேஷன் வேலியோரம் நின்றது. அந்தப் பதினாறு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. வண்டித் தவணை கட்ட முடியாமல் போகும், வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள், பிறகு விளைகிற காட்டை விற்போம், பிறகு வீட்டை விற்போம் என்று மனது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருந்ததில்லை. இன்னும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும்.

கேசை நடத்திய பொள்ளாச்சி வக்கீல், எல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது என் வீட்டுக்காரரை நிறுத்திச் சொன்னார்:

"இனிமேல் சாவி குடுக்கறதுக்கு முன்னாடி டிரைவரை நீங்களே சோதிச்சுப் பாருங்க. பாத்தத ஒரு நோட்டுல எழுதி, அவன்கிட்டயும் கையெழுத்து வாங்கி வெச்சுக்குங்க. முதலாளிக்குத் தெரியாம நடந்துச்சுன்னு சொல்றதுக்கு எனக்கு ஏதாச்சும் கையில வேணுமில்லீங்களா?"

"சோதிக்கறதுன்னா எப்படீங்க?" என்று கேட்டார் இவர்.

"அவங்க எப்படிச் சோதிக்கறாங்களோ அப்படித்தான். ஊதச் சொல்லுங்க."

அங்கேதான் சிக்கல். என் வீட்டுக்காரர் மூக்குப்பொடி போடுகிறவர். அவர் மூக்குக்கு மண்ணெண்ணெயும் மல்லிகைப்பூவும் ஒன்றுதான். அதோடு மாலை நேரத்தில் அவரும் ஒரு கிளாஸ் குடிப்பவர். மாமியார் வெற்றிலை போடுவார். வீட்டில் சுத்தமான மூக்கு என்று இருந்தது என்னுடையது ஒன்றுதான். ஆறாம் வகுப்போடு நின்றவள் ஆனாலும் எழுதப் படிக்க வரும். ஆகவே நோட்டும் என் கைக்கு வந்தது.

ஆனால் டிரைவர்கள் என் முகத்துக்கு நேரே எப்படி ஊதுவார்கள்? அவர்களும் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் கூசியது. அதற்கு நாங்கள் கண்ட வழி குப்பி. ஊறுகாய் போடும் வாய் அகன்ற கண்ணாடிக் குப்பி இரண்டு வாங்கினோம். சின்ன லாரிக்கான ஒன்றில் சிவப்புப் பெயிண்டால் 1, பெரிய லாரிக்கான இன்னொன்றில் 2 என்று எழுதினார் இவர். டிரைவர் ஷெட்டில் நின்று தன் வண்டிக்குரிய குப்பியில் மூன்று தரம் நன்றாக ஊதி, உடனே மூடியைத் திருகி, சமையற்கட்டு ஜன்னலில் கொண்டுவந்து வைக்க வேண்டும். நான் திறந்து முகர்வேன். நோட்டில் தேதி, வண்டி, நேரம், 'வாசம் இல்லை' என்று எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். பிறகுதான் சாவி.

ஊரில் சிரித்தார்கள். லாரி ஸ்டாண்டில் சின்ன டிரைவரைக் கண்டால், "என்ன மாப்ளே, இன்னைக்கு ஊறுகாய் போட்டாச்சா?" என்பார்களாம். அவர் சிரித்த முகக்காரர். ஜன்னலில் குப்பியை வைக்கும்போதே, "அக்கா, இன்னைக்கு வெங்காயந்தான் வருமுங்க. சொல்லிப்போட்டேன்" என்பார். ஊதுகிற விஷயத்தில் என் வீட்டுக்காரர் வைத்த சட்டம் கண்டிப்பானது. ஒருமுறை வாசம் வந்தால் ஒரு மாதம் வண்டி இல்லை. மறுமுறை வந்தால் வேலையே இல்லை. யாராக இருந்தாலும்.

பெரிய டிரைவர் பதினோரு வருடமாக எங்களிடம் ஓட்டியவர். என் மாமனார் காலத்து ஆள், நாற்பதைத் தாண்டியவர். அவர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர்தான். அவர் மனைவி, மறையூருக்கு மேலே மலையில் இருக்கிற காந்தலூர்க்காரி. டிரைவர் அங்கே முட்டைக்கோசும் பூண்டும் ஏற்றப் போய்வந்த காலத்தில் பழகிக் கட்டிக்கொண்டது. குடி பொறுக்காமல் அந்தப் பெண் ஒருமுறை மலைக்கே போய்விட்டது. டிரைவர் மேலே போய், அவள் தகப்பன் முன்னால் சத்தியம் செய்து கூட்டிவந்தார். அன்றிலிருந்து ஐந்து வருடம் தொடவில்லை. 'இன்னொரு நாள் நாத்தம் வந்தா மலையேறிருவேன். அப்புறம் நீ சாமியக் கூட்டிட்டு வந்தாலும் எறங்க மாட்டேன்' என்று அவள் சொல்லியிருந்தது எங்கள் தெருவுக்கே தெரியும். அவர் எனக்கு ஒரு சிரமமும் கொடுக்காத ஆள். நோட்டில் அவர் வரியை, குப்பியைத் திறப்பதற்கு முன்பே பாதி எழுதிவிடுவேன்.

அன்றைக்கும் பாதி எழுதியிருந்தேன். முதல் குப்பியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் குப்பியைத் திறந்தேன். கள்.

மூடினேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தேன். மறுபடி திறந்தேன். அதே வாசம், கொஞ்சம் புளித்து, சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

"ஏ புள்ள, குப்பிக்குள்ள விழுந்துட்டயா? தக்காளி அழுகுது" என்று சத்தம் போட்டார் இவர்.

"இதுல வாசம் வருதுங்க" என்றேன்.

"எதுல?"

"ரெண்டுல."

கூடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சின்ன டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அக்காவுக்குச் சளி புடிச்சிருக்குமுங்க. அண்ணனாவது, குடிக்கறதாவது?"

பெரிய டிரைவர் சிரிக்கவில்லை. ஜன்னலருகே வந்தார். "அம்மிணி, மறுக்கா நல்லாப் பாருங்கோ."

பார்த்தேன். வாசம் இருந்தது. இவர் வந்து குப்பியைப் பிடுங்கி மூக்கருகே வைத்தார். அவருக்கே தெரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குப்பியைப் பெரிய டிரைவரிடம் நீட்டினார். அவரும் முகர்ந்தார். அந்த முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. தன் பையில் தன்னுடையதல்லாத பொருள் கிடந்தது மாதிரி விழித்தார்.

"வாசம் இருக்குதுங்க மொதலாளி. ஆனா நான் குடிக்கலீங்க" என்றார்.

"ரெண்டும் எப்படிய்யா ஒண்ணா இருக்கும்?"

"தெரியலீங்க. நேத்துச் சாயங்காலம் ஊட்டுக்குப் போனவன், விடியங்காட்டிதான் வெளிய வந்தேன். அவகிட்ட வேணும்னாலும் கேளுங்கோ."

"அவகிட்டக் கேட்டா பொழப்பு போயிருமேன்னுதான் நானும் பாக்கறேன்" என்றார் இவர். குரல் தாழ்ந்துவிட்டது. "உன்ன உட்டுட்டு நாளைக்கு இவன நிறுத்த முடியுமா? எல்லாருக்கும் ஒரே சட்டம்னு நாந்தான சொன்னேன். ஒரு மாசம். புள்ள, எழுது."

எழுதினேன். 'வாசம்' என்பது வரை முன்பே எழுதியிருந்தேன், அதோடு 'உண்டு' என்று சேர்த்தேன். பெரிய டிரைவருக்குத் தன் பேரை எழுத மட்டும்தான் தெரியும். "என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க அம்மிணி" என்றார். "ரெண்டாம் குப்பி, வாசம் உண்டு" என்று படித்தேன். "அது நெசந்தானுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தக்காளிப் பாரத்தை இவரே ஓட்டிக்கொண்டு வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாகக் கோயமுத்தூர் போனார்.

அந்த ஒரு நடைக்கு அப்புறம் பெரிய லாரி ஓடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு ஆக்டிங் டிரைவர் வருவதாக ஏற்பாடு. அன்று காலை அவர் வருவதற்கு முன்பே நான் எழுந்து குப்பிகளைத் துடைக்கப் போனேன். இரண்டாம் குப்பியை, வாசம் வந்த அந்தக் காலையிலேயே கழுவி, மூடி போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். அதற்குள் யாரும் ஊதவில்லை. திறந்தேன்.

கள்.

கண்ணாடியை முகர்ந்தேன், இல்லை. மூடியை முகர்ந்தேன். மூடியின் உட்பக்கத்தில் வட்டமாக ஒரு அட்டை ஒட்டியிருக்கும். கசியாமல் இருப்பதற்காக வைத்தது. அது ஊறி, ஓரம் உப்பியிருந்தது. வாசம் அங்கிருந்து வந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி கொஞ்ச நேரம் இருந்தேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி ஆப்பம் சுட்டால் பூ மாதிரி இருக்கும். எனக்குக் கல்லு மாதிரி வரும். ஒருநாள் ரகசியம் சொன்னார்: "கொஞ்சம் கள்ளு சேர்த்தா மதி, போதும், மாவு பொங்கி வரும் கேட்டோ." அவர்களுக்கு மரமேறுகிறவர் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பார். அந்தச் சம்பவத்துக்கு முந்தின நாள் மத்தியானம், எனக்கும் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தார். மாமியார் விரதம், பூஜை என்று சுத்தம் பார்ப்பவர். அவர் சமையற்கட்டில் கள் என்றால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயம். பாத்திரத்தில் வைத்தால் கண்டுபிடிப்பார். அவர் கை வைக்காத சாமான் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அந்தக் குப்பிகள். டிரைவர்கள் வாய் வைத்தது என்று கிட்டவே போக மாட்டார். ஆகவே இரண்டாம் நம்பர் குப்பியில் ஊற்றி, இறுக மூடி, அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். சாயங்காலம் மாவில் கலந்தேன். குப்பியை நாலு தண்ணீர் விட்டுக் கழுவினேன். மூடியையும் கழுவினேன். அட்டையை யார் நினைத்தார்கள்?

ஆக, எங்கள் வீட்டு ஆப்பத்தின் வாசத்துக்குத்தான் அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அட்டையைப் பிய்த்து அடுப்பில் போட்டேன். ஆக்டிங் டிரைவர் வந்து ஊதினார், 'வாசம் இல்லை' என்று எழுதினேன். புது ஆளோடு கூடவே போன இவர் கோயமுத்தூரிலிருந்து வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தார், களைத்திருந்தார், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? கள் கலந்த ஆப்பத்தை விரதக்காரிக்குப் போட்டவள் என்று என் பிறந்த வீடு வரைக்கும் பேச்சுப் போகும். இவர் நோட்டையே கிழித்து எறிவார், அப்புறம் மறுபடி ஒரு வண்டி மாட்டும், பதினாறு நாள் நிற்கும். ஒரு மாதம்தானே, கழிந்துவிடும், அவர் திரும்பி வந்துவிடுவார் என்று இன்னொரு பக்கம். இப்படியே எட்டு நாள். ஆப்பம் சுடவில்லை.  மாமியார், "இவளுக்கென்ன வெசனம், எப்பப் பாரு மூடியத் தொறந்து மோந்துக்கிட்டு?" என்று இவரிடம் கேட்டார்.

பத்தாம் நாள் சாயங்காலம் பெரிய டிரைவரின் மனைவி வந்தார். அவரை நான் எப்போதாவது கடையில் பார்த்துச் சிரிப்பதோடு சரி. சமையற்கட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உக்காருங்க" என்றேன்.

"உக்கார வரலை. ஒரு வார்த்தை கேக்கணும். பத்து நாளா எம்புருசன் வேலைக்குப் போகலை. லோடு இல்லைங்காரு. ரேசன் கடையில ஒரு அம்மா, 'உன் வீட்டுக்காரரு குடிச்சுட்டு மாட்டிக்கிட்டாராமே'ன்னு சிரிக்கா. அவருகிட்டக் கேட்டா குடிக்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணுதாரு. முன்னயும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவாரு, வாயெல்லாம் நாறிக்கிட்டு. நீங்கதான் மோந்து பாத்தீகளாமே. உள்ளதச் சொல்லுங்க. வாசம் இருந்துச்சா, இல்லையா?"

அப்போது சொல்லியிருந்தால்கூடப் போதும். வாய் வரை வந்தது. உள்ளே மாமியார் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

"குப்பியில வாசம் இருந்துச்சுங்க" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

அவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஏழு மணி பொள்ளாச்சி பஸ்ஸில், ஒரு டிரங்குப் பெட்டியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஏறியதைச் சின்ன டிரைவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே போனாருங்க. அந்தக்கா திரும்பியே பாக்கலை" என்றார்.

நான் நோட்டையும் இரண்டாம் குப்பியையும் எடுத்துக்கொண்டு போய் இவர் முன்னால் வைத்தேன். மாமியாரும் அங்கேதான் முறத்தில் பருப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சேச்சி, டம்ளர், அரிசி மூட்டை, அட்டை, அந்த அம்மா வந்து கேட்டது, நான் சொன்ன பதில். அழவில்லை. அழுதால் பாதியில் நின்றுவிடும் என்று தெரியும்.

 மாமியார்தான் முதலில் பேசினார்.

"அதுனாலதான் அன்னைக்கு ஆப்பம் அத்தனை மெதுவா இருந்துச்சா?"

"ஆமாங்க அத்தை."

"நாலு தின்னேன்" என்றார் மாமியார். முறத்தைக் கீழே வைத்தார். "ஆப்பத்த உடு. அந்த ஊட்டுப் புள்ள பெட்டியத் தூக்கிட்டுப் போற வரைக்குமா வாய மூடிட்டு இருந்தே?"

நான் எட்டு நாள் பயந்த சண்டை அத்தோடு முடிந்தது. அது வரவே இல்லை. ஆனால் பயப்படாத ஒன்று நடந்து முடிந்திருந்தது.

நாங்கள் பெரிய டிரைவர் வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்தது. மத்தியான பஸ்ஸில் அவரும் கிளம்பிவிட்டார் என்றார்கள். இவர் ஆள் அனுப்பலாம், கடிதம் போடலாம் என்றார். கடிதத்தை அந்த அம்மாவுக்கு யார் படித்துச் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குப் பயம். "நானே போய்ச் சொல்றனுங்க. வாசம் இருந்துச்சுன்னு சொன்ன வாய்தானுங்க இது" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு நாள் கழித்துப் போனோம். பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து மலை பஸ்ஸில் மறையூர், பிறகு காய்கறி ஜீப்பில் காந்தலூர். ஒவ்வொரு வளைவிலும் ஜீப் கவிழ்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே போனேன். மடியில் நோட்டு.

அந்த அம்மாவின் தகப்பன் வீட்டு முன்னால் பூண்டு காயப்போட்டிருந்தது. எல்லோரும் உட்கார்ந்து பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய டிரைவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். மனைவியிடமிருந்து பத்தடி தள்ளி. எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார். "வாங்க மொதலாளி. வாங்க அம்மிணி" என்றார், எப்போதும்போல.

நின்றபடியே அந்த அம்மாவிடம் சொன்னேன். கையில் பிடித்த பூண்டைக் கீழே போடாமல் கேட்டார். முடித்ததும் கேட்டார்:

"நீங்க ஆப்பம் திங்க எம்புருசன் கையெழுத்துப் போட்டாராக்கும்?"

"ஆமாங்க."

"நான் வந்து கேட்டன்னைக்கு இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

அவர் கையிலிருந்த பூண்டுப் பிடியைக் கட்டி முடித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புருசன் பக்கம் திரும்பி, "நீரும் ஒரு ஆளு. குடிக்காதவன் எதுக்கய்யா கையெழுத்துப் போட்டீரு?" என்றார்.

"வாசம் இருந்துச்சே, புள்ள" என்றார் அவர். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஒரு டம்ளரக் கழுவிக் குடுத்து, மறுக்கா ஊதுன்னு யாராச்சும் சொல்லியிருந்தா தீந்துபோயிருக்குமுங்க. எனக்கே கேக்கத் தோணலை. பழைய பயம். ஒருவேளை என்ற ஒடம்புலதான் இன்னும் மிச்சம் இருக்குதோன்னு நெனச்சுட்டேன்."

இவர் சட்டைப் பையிலிருந்து பெரிய லாரியின் சாவியை எடுத்துக் காய்ந்த பூண்டின் மேல் வைத்தார். "தப்பு எங்க மேலதான். வண்டி உனக்குத்தான். நாளைக்கே வா" என்றார்.

அவர் சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"இங்க காய்கறி ஜீப்பு ஓட்டச் சொல்றாங்க. அவகூடவே இருந்தாப்பல இருக்கும். கோவிச்சுக்காதீங்கோ. இனி நான் குப்பியில ஊதறப்பெல்லாம் அம்மிணிக்குக் கை நடுங்கும், எனக்கும் நடுங்கும். அந்தக் கையோட பாரவண்டி ஓட்ட முடியாதுங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். அந்த நோட்டுல இருக்கற வரிய என்ன பண்ணப் போறீங்க?"

நோட்டைப் பிரித்தேன். அடித்தல் திருத்தல் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆகவே அந்த வரிக்குக் கீழேயே, பூண்டு மூட்டையின் மேல் வைத்து எழுதினேன். 'மேலே எழுதியது தவறு. கள் வாசம் குப்பியின் மூடியில் இருந்தது. எங்கள் சமையலுக்கு வைத்த கள். டிரைவர் அன்று குடிக்கவில்லை.' நான் கையெழுத்துப் போட்டேன். இவரும் போட்டார். அந்த அம்மா, "சத்தமாப் படிங்க" என்றார். படித்தேன். "எங்கய்யாவுக்குக் காது மந்தம். இன்னொருக்கா படிங்க" என்றார். மறுபடி படித்தேன். கிழவர் தலையாட்டினார். அதன் பிறகுதான் அந்த அம்மா எழுந்து போய் எங்களுக்குப் பால் விடாத கட்டன் காப்பி கொண்டுவந்தார். புருசனுக்கும் ஒரு டம்ளர் இருந்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு குப்பிகளின் மூடியிலும் அட்டையை எடுத்துவிட்டேன். தினமும் காலையில், ஊதுவதற்கு முன் வெறும் குப்பியை முகர்ந்து அதையும் நோட்டில் எழுதினேன். வாசம் வந்தால் கழுவிய வேறு பாத்திரத்தில் கால் மணி கழித்து மறுபடி ஊத வேண்டும், அதை நானும் இன்னொருவரும் முகர வேண்டும் என்று வைத்தோம். அந்த இன்னொருவர் மாமியார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிற்பார். அதன்பின் லாரிகளை விற்கும் வரை எங்கள் வண்டி எதுவும் செக்போஸ்டில் நிற்கவில்லை. ஆப்பம் நான் அப்புறம் சுடவே இல்லை.

அன்று காந்தலூரில் கிளம்புவதற்கு முன், இவர் பெரிய டிரைவரின் கணக்கைச் சொல்லிப் பணத்தை நீட்டினார். அந்த மாதம் ஓட்டிய பத்தொன்பது நாளுக்கு, நாளைக்கு ஏழு ரூபாய் வீதம் நூற்று முப்பத்து மூன்று. எங்கள் தப்பால் வேலை இல்லாமல் நின்ற பதினோரு நாளுக்கு எழுபத்தேழு. கொடுக்காமல் நின்ற இரண்டு நடைக்கான படிக்காசு பத்து. அவர் கையை நீட்டவில்லை. "இப்ப வேண்டாங்க மொதலாளி. கீழ வர்றப்ப வந்து வாங்கிக்கறேன்" என்றார்.  அவர் கீழே வரவில்லை. பொங்கலுக்கு மணியார்டர் அனுப்பினோம், திரும்பி வந்தது. சின்ன டிரைவரிடம் கொடுத்தனுப்பினோம், அதுவும் திரும்பி வந்தது, கூடவே ஒரு பிடி பூண்டும். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருக்குக் கொடுக்க வேண்டியது என்று நான் எழுதியது இன்னும் கழிக்கப்படாமல் இருக்கிறது: இருநூற்று இருபது ரூபாய்.